மேல்வீட்டு மோட்டார்

கழக்கூட்டம் கிளினிக்கில் டோக்கனோடு காத்திருந்த இரண்டு பெண்கள் மாறி மாறித் தும்மினார்கள்.

“ஒரு மாசமா ஜலதோஷம் விடல, கேட்டோ. தூக்கம் சரியில்லன்னா வைரஸ் சட்டுனு பிடிக்கும்னு டாக்டர் சொல்றாரு. எப்படித் தூங்க? மேல்வீட்டுல ராத்திரி முழுக்க மோட்டார் ஓடுது. அசோசியேஷன்ல கம்ப்ளெயின்ட் குடுத்திருக்கேன்.”

“எனக்கு ஆத்துக்காரர் குறட்டை. அவருக்கு ஒரு தும்மல் வராது. கேக்கற எனக்குத்தான் ஜுரம்.”

மூலை நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டாமவரின் கணவர் அப்போதுதான் குறட்டையை ஆரம்பித்தார். முதல் பெண் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்.

“நீங்க கோயில் பக்கத்து ஃபிளாட்ல மூணாவது மாடியா?”

“ஆமா, போன மாசம்தான் குடிவந்தோம்.”

“ஐயோ, நான் ரெண்டாவது மாடி! கம்ப்ளெயின்ட்ட இன்னைக்கே வாபஸ் வாங்கிடுறேன்.”

“வாங்காதீங்கோ! அசோசியேஷன்காராளாவது வந்து நிறுத்தட்டும்.”