இடது கிருதா

கத்தரி பிடிக்கிறவனுக்கு இரண்டு கண்ணும் ஒன்றுபோல இருக்க வேண்டும். எனக்கு இடது கண் கொஞ்சம் மந்தம். அதனால் நான் வெட்டும் இடது கிருதா எப்போதும் அரை விரல் கீழே இறங்கி நிற்கும். முப்பது வருடமாக இதை என்னைத் தவிர ஊரே சொல்லிக்கொண்டிருந்தது.

என் சலூனுக்கு வருகிறவர்களில் பெயின்டருக்குத்தான் வாய் அதிகம். "அண்ணே, நான் சுவத்துல இப்படிக் கோடு போட்டா அடிச்சுத் துரத்திடுவாங்கண்ணே," என்பான். பெஞ்சு முழுக்கச் சிரிக்கும். நானும் சிரிப்பேன். கண்ணாடி முன்னால் நிற்பவன் வேறென்ன செய்ய முடியும்?

ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு அவனுக்கு முடி வெட்டினேன். கடையில் வேறு யாரும் இல்லை. அதே நேரத்தில் நாலு தெரு தள்ளி, அவன் வேலை பார்த்த வீட்டுக்காரரை யாரோ குத்திக் கொன்றுவிட்டார்கள். சாயங்காலமே பெயின்டரைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அடுத்த வாரம் அவனுடைய வக்கீலம்மா கடைக்கு வந்தார். பிடித்த அன்றே போலீஸ் எடுத்த அவன் படத்தை என் சீப்புகளுக்கு நடுவே வைத்தார். அவன் கழுத்தில் முடித்துணுக்குகள்கூட ஒட்டியிருந்தன.

"இது உங்க கைதானே? இப்படிக் கோணலா வெட்ட இந்த ஊர்ல உங்களை விட்டா ஆளே கிடையாதாம்."

பாவம், படித்த பெண். அந்த ஒன்றை மட்டும் வேறு மாதிரிச் சொல்லியிருக்கலாம்.

"நான் கோணலா வெட்டுறதில்லம்மா."

"கொலை நடந்தப்ப உங்க கடையிலதான் இருந்தேன்னு அவர் சொல்றாரு. நீங்க ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா வெளிய வந்துடுவாரு."

"அன்னைக்கு அவன் வரலம்மா."

கோர்ட்டிலும் அந்த இரண்டையும் கேட்டார், இரண்டுக்கும் அதே பதிலைத்தான் சொன்னேன். ஒப்புக்கொண்டிருந்தால், நீதிபதி முதல் வாசல் காவலர் வரை அந்தப் படத்தைக் கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்திருப்பார்கள். தொழில்காரனுக்கு மானம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

கூண்டிலிருந்து பெயின்டர், "அண்ணே, நல்லாத்தாண்ணே வெட்டினீங்க," என்றான். அவன் என்னிடம் சொன்ன ஒரே பொய் அதுதான்.

ஆயுள் தண்டனை.

எனக்கு அவன்மேல் கோபமெல்லாம் கிடையாது. அவன் அப்பாவுக்கு இன்றும் வீட்டுக்கே போய் முடி வெட்டிவிடுகிறேன். கிழவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார். கத்தரியைத் தள்ளி வைத்துவிட்டு, அழுது முடிக்கும்வரை நிற்பேன்.

அன்றிலிருந்து காதுக்குக் காது நூல் பிடித்துப் பார்த்துத்தான் வெட்டுகிறேன். ஒரு கிருதாகூட இறங்கவில்லை. ஆக, நான் கோணலாக வெட்டுவதில்லை என்று கோர்ட்டில் சொன்னது பொய் இல்லை. கொஞ்சம் முன்கூட்டிச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான்.