மனேஜர் ஐயா கேட்ட அரை மணித்தியாலம்

இந்த அறையின் மேல் யன்னலை நாலு விரல் அகலத்துக்குத் திறந்து வைத்தால் உங்களுக்கு இவ்வளவு வியர்க்காது, ஐயா. கீழ் யன்னலை மட்டும் திறந்து பயனில்லை. சூடு மேலேதான் குந்தியிருக்கும். அதற்குப் போக வழி விட்டால் குளிர்ந்தது தானாகக் கீழால் வரும். வேண்டுமானால் நான் கதிரையில் ஏறித் திறந்து விடுகிறேன். வேண்டாமா? சரி, எழுதுங்கள்.

என் பெயர் சின்னராசா. வயது நாற்பத்தாறு. பிறந்தது சல்லிக் கிராமத்தில், தொழில் தகரவேலை. என்னை யாரும் பிடித்து வரவில்லை, நானே பஸ் ஏறி வந்தேன். வந்த காரணம் சின்னது. வீரசிங்கம் மனேஜர் ஐயாவின் மரண விசாரணை அறிக்கையில் ஒரு வரி பிழையாக இருக்கிறது. 'கட்டடத்தில் காற்றோட்டம் போதாமையால்' என்று எழுதியிருக்கிறார்கள். அந்தக் காற்றோட்டம் நான் செய்தது. திருகோணமலையில் அப்படிக் காற்று ஓடும் தகரக் கொட்டகை இன்னொன்று இல்லை. அந்த வரியை மாற்றவேண்டும். மாற்றுவதென்றால் நடந்ததை முழுக்கச் சொல்லவேண்டும் என்று வாசலில் நின்ற பொலிஸ்காரர் சொன்னார். சொல்வதில் எனக்குச் சந்தோசம்தான்.

கொட்டகையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். துறைமுகக் கரையில், வெள்ளைக்காரக் கடற்படை ஐம்பத்தேழில் விட்டுப்போனது. தொண்ணூறு அடி நீளம். சுவரும் தகரம், கூரையும் தகரம். அதற்குள் முப்பது பெண்கள் இருந்து இலவம்பஞ்சு கோதி, மெத்தையும் தலையணையும் தைத்தார்கள். பஞ்சு பறந்துவிடும் என்று யன்னல்களை எல்லாம் ஆணி அடித்து மூடியிருந்தது. ஆனி ஆடியில் கச்சான் காற்று தரைப்பக்கமிருந்து அனலாக வீசும்போது உள்ளே பாண் சுடும் போறணைதான். ஒரு நாள் பதினொரு மணிக்குச் சீதேவி என்ற பிள்ளை, தைத்துக்கொண்டிருந்த மெத்தையிலேயே சாய்ந்துவிட்டாள். அவள் நித்திரை என்று நினைத்து மற்றவர்கள் கொஞ்ச நேரம் பகிடி பண்ணினார்களாம். பிறகுதான் மயக்கம் என்று தெரிந்து தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

அன்று பின்னேரமே மனேஜர் ஐயா என்னைக் கூப்பிட்டார். அவர் நல்ல மனுசன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், நான் அவரைப்பற்றிக் குறை சொல்ல வரவில்லை.

"சின்னராசா, காத்து வரவும் வேணும், பஞ்சு பறக்கவும் கூடாது. ஏலுமோ?" என்று கேட்டார்.

"ஏலும் ஐயா" என்றேன். எப்படி என்று எனக்கு அப்போது தெரியாது.

அடுத்த மூன்று கிழமையைப் போல ஒரு காலம் என் வாழ்க்கையில் இல்லை. அதுவரை நான் வாளியும் கூரைத் தண்ணீர்ப் பீலியும் அடித்துக்கொண்டிருந்தவன். திடீரென்று எங்கே பார்த்தாலும் காற்றுத் தெரிந்தது. குசினியில் புகை எந்தப் பக்கம் வளைகிறது, கோயிலில் திரி எந்தப் பக்கம் சாய்கிறது, பஸ்ஸில் யாருடைய தலைமயிர் முதலில் பறக்கிறது, எல்லாவற்றையும் பார்த்தேன். உள்ளங்கையில் ஒரு துளி பஞ்சை வைத்துக்கொண்டு சந்தையால் நடந்தேன். அது எழும்பிப் போனால் பின்னாலேயே போவேன். ஒரு தடவை அதன் பின்னால் போய் ஒரு கலியாண வீட்டுக்குள் நுழைந்துவிட்டேன். இருத்திச் சாப்பாடும் போட்டார்கள்.

கூரை முகட்டில் காற்றுக்கு ஒன்பது வாய் வெட்டினேன். ஒவ்வொன்றுக்கும் தொப்பி மாதிரி ஒரு தகரக் கூடாரம். கடற்பக்கச் சுவரில் நிலத்தோடு ஒட்டி இன்னும் ஒன்பது வாய். மாரி மழைக்கு மூடவேண்டும் என்பதால் எல்லாவற்றுக்கும் மூடி செய்து, வெளியே நின்று கயிற்றால் இழுத்துப் பூட்டும்படி வைத்தேன். திறந்த முதல் நாள் ஒரு பிழை விட்டேன். கீழ் வாய்களுக்குச் சாக்கு கட்ட மறந்துபோனேன். பதினொரு மணிக்குக் கடற்காற்று எழும்பி உள்ளே புகுந்தது. ஐயா, முப்பது பெண்கள் ஒரு கிழமையாகக் கோதிவைத்த பஞ்சு முழுவதும் ஒரே மூச்சில் எழும்பியது. கொட்டகைக்குள் ஆளை ஆள் தெரியவில்லை. தும்மல், சிரிப்பு, பிறகும் தும்மல். பல்கீஸ் என்று கிண்ணியாவிலிருந்து வரும் ஒரு அம்மா, மற்றப் பெண்களுக்குத் தலைவி மாதிரி, ஒருநாளும் சிரிக்காதவள். அவள் நிலத்தில் குந்தியிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சத்தம் கேட்டு ஓடி வந்த மனேஜர் ஐயா ஏச வாயைத் திறந்தார், வாய்க்குள் பஞ்சு போய்விட்டது. புருவம், மீசை, காது எல்லாம் பஞ்சு. அவரும் சிரித்தார். முகட்டின் ஒன்பது வாயாலும் வெள்ளை வெள்ளையாய்ப் பஞ்சு வெளியேறித் துறைமுகத்துக்கு மேலே போனது. நான் வெளியே நின்று பார்த்தேன். கால் நிலத்தில் இல்லை.

அடுத்த நாள் இரட்டைச் சாக்குக் கட்டினேன். அதன்பிறகு காற்று ஊர்ந்துதான் வந்தது, பஞ்சு அசையவில்லை, சூடு மேலால் போய்க்கொண்டிருந்தது. நூற்று நாலு பாரன்ஹீட்டில் நின்ற வெப்பமானி தொண்ணூற்று மூன்றுக்கு இறங்கியது. பல்கீஸ் ஒரு பாத்திரத்தில் வட்டிலப்பம் கொண்டுவந்து தந்தாள். "இப்பதான் அண்ணன், எங்களுக்கு உசிரு வந்திருக்கு" என்றாள். பெண்கள் அதைச் 'சின்னராசா காத்து' என்று சொல்லத் தொடங்கினார்கள். எனக்குப் பிள்ளை குட்டி இல்லை. என் பெயரை எதற்கும் யாரும் வைத்ததில்லை. வீதியில் தனியே சிரித்துக்கொண்டு போனேன்.

இரண்டு வருசம் அப்படிப் போனது. இந்த ஆடியில் மனேஜர் ஐயா கொழும்புக்குப் போய் ஒரு மின்விசிறி கொண்டுவந்தார். வண்டிச் சில்லு அளவு, நிற்கும்போது தானே மூடிக்கொள்ளும் தகட்டு இதழ்களோடு. கிழக்கு முகப்பின் உச்சியில் ஒரு பெரிய ஓட்டை வெட்டி அதை வைக்கவேண்டும், உள்ளே இருக்கும் சூட்டை அது இழுத்து வெளியே தள்ளும் என்றார். வெட்டியதும் பூட்டியதும் நான்தான். செவ்வாய்க்கிழமை வேலை முடிந்தது. அப்போதுதான் அவர் அதைச் சொன்னார்.

"முகட்டு மூடியளை இனி இறக்கிவிட வேணும், சின்னராசா. இல்லாட்டி ஃபேன் பக்கத்து வாயாலை காத்தை இழுத்து அப்பிடியே வெளியாலை தள்ளிப்போடும். கீழை இருக்கிற பிள்ளையளுக்கு ஒண்டும் வராது. வேறை ஆக்கள் அதிலை கைவைக்கிறது எனக்கு விருப்பமில்லை. உம்முடைய வேலை, நீரே மூடும்."

எவ்வளவு மரியாதையாகச் சொன்னார் பாருங்கள். மின்விசிறி ஒருநாளும் என் வாய்களுக்கு ஈடாகாது என்பது எனக்கு உறுதியாகத் தெரியும். இயந்திரம் காற்றை இழுத்து வருத்தும், வாய் காற்றைக் கூப்பிடும். இரண்டும் ஒன்றல்ல. அவருக்கு அது விளங்கவில்லை, அவ்வளவுதான். விளங்காத ஆளிடம் கோபிக்க என்ன இருக்கிறது?

அவர் எதையும் அளந்து பார்க்கிற ஆள். சனிக்கிழமை அரைநாள். பெண்கள் பன்னிரண்டு மணிக்குப் போய்விடுவார்கள், காவல்காரன் ஆறு மணிக்குத்தான் வருவான். அந்த இடைவெளியில் ஒரு சோதனை செய்வோம், திங்கட்கிழமை தொடக்கம் மின்விசிறியைப் போடுவோம் என்றார். முதலில் எல்லா வாயையும் மூடி, மின்விசிறியும் இல்லாமல், அரை மணித்தியாலம் சூடு எவ்வளவு ஏறுகிறது என்று அவர் உள்ளே இருந்து குறிப்பார். பிறகு நான் கீழ் வாய்களைத் திறந்து மின்விசிறியைப் போடவேண்டும். எவ்வளவு இறங்குகிறது என்று குறிப்பார். சுவிச் வெளியே, சுவரோடு சேர்ந்த சாய்ப்புக் கூரையின் கீழ் இருந்தது.

ஒரு மணிக்கு அவர் ஒரு கதிரை, வெப்பமானி, கடதாசி, பென்சிலோடு உள்ளே போனார். நான் பதினெட்டு மூடியையும் இழுத்துப் பூட்டினேன். கதவு நெகிழ்ந்து இடுக்கு விட்டால் கணக்குப் பிழைக்கும் என்று சொன்னேன். "அப்ப வெளியாலை குறுக்கை இரும்புப் பாரைப் போடும்" என்று அவரே சொன்னார். போட்டேன். இதுவரை அவர் சொல்லாத எதையும் நான் செய்யவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அரை மணித்தியாலம் முடிந்ததும் அவர் உள்ளேயிருந்து தட்டினார். நான் எதிரே வாகை மரத்தடியில் இருந்தேன். அன்று கச்சான் சுத்தமாக விழுந்துபோய், கடற்காற்றும் எழும்பாத நாள். இலை அசையவில்லை. ஆனாலும் எனக்கு மனம் மிகவும் இலேசாக இருந்தது, ஐயா. பள்ளிக்கூடம் விட்ட பிள்ளை மாதிரி. தெருமுனைக் கடைக்குப் போய் ஒரு பிளேன்ரீ குடித்தேன். கடைக்காரர் "என்ன சின்னராசா, நல்ல சந்தோசப் புழுகத்திலை இருக்கிறாய்" என்று கேட்டார். திரும்பி வந்தபோதும் தட்டுச் சத்தம் கேட்டது. துறைமுகப் பக்கத்தில் எந்நேரமும் யாரோ தகரம் தட்டிக்கொண்டுதான் இருப்பார்கள், ஆரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். முதலில் சின்னராசா என்றார். பிறகு தம்பி என்றார். இரண்டே கால் அளவில் சத்தம் நின்றது. நான் நாலு மணிவரை மரத்தடியில் இருந்தேன்.

அவருக்குப் பிரஷர் இருந்தது எனக்குத் தெரியும். அவரே சொல்லியிருக்கிறார்.

கதவைத் திறந்தபோது அவர் கடற்பக்கம் கடைசிக் கீழ்வாயடியில், மூடியின் ஓரத்தில் வாயை வைத்தபடி கிடந்தார். இடுக்கால் கொஞ்சம் காற்று வரும் என்று பார்த்திருக்கிறார். வராது. அந்த மூடிகள் நன்றாகப் பொருந்தும். கதிரைக்குப் பக்கத்தில் இந்தக் கடதாசி கிடந்தது. இதை நான் எடுத்துக்கொண்டு போனதால்தான் விசாரணையில் ஒருவரும் பார்க்கவில்லை. இந்தாருங்கள். நூற்று ஒன்று, நூற்று ஏழு, நூற்றுப் பன்னிரண்டு. அதுவரையும் எழுத்து அச்சுப் போல இருக்கிறது. நூற்றுப் பதினெட்டுக்குக் கீழே இலக்கம் இல்லை. 'சின்னராசா போதும்' என்று மட்டும் எழுதியிருக்கிறார்.

பிறகு எல்லா வாயையும் திறந்துவிட்டு வீட்டுக்குப் போனேன். காவல்காரன் வந்து கண்டபோது பதினெட்டும் திறந்தே இருந்தன. அதைப் பார்த்துவிட்டுத்தான் உங்கள் ஆட்கள் காற்றோட்டம் போதாது என்று எழுதினார்கள். எனக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

செத்தவீட்டுக்கும் போனேன். சனம் நெருக்கி, வேர்த்து வழிந்துகொண்டிருந்தது. நான் ஏறி முகட்டில் நாலு ஓடுகளைக் கழற்றிவிட்டேன். உடனே காற்று ஓடியது. அவருடைய மனைவி இரத்தினேஸ்வரி அக்கா அந்த அழுகைக்குள்ளும் என் கையைப் பிடித்து, "அவர் உங்களைப்பற்றித்தான் எந்நேரமும் கதைக்கிறவர்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஏன் செய்தாய் என்று கேட்கிறீர்கள். காற்றின் அருமை அவருக்கு விளங்கட்டும் என்றுதான். நல்ல மனுசன், ஒரு தடவை காற்றில்லாமல் இருந்து பார்த்தால் என் வாய்களை மூடச் சொல்லமாட்டார் என்று நினைத்தேன். உயிர் போகும் என்று நான் நினைக்கவில்லை.

இல்லை, அதை வெட்டிவிடுங்கள். கையெழுத்து வைக்கப்போகிறேன், சரியாகவே இருக்கட்டும். புதன்கிழமை மத்தியானம், பெண்கள் சாப்பிடப் போன நேரத்தில், நான் முகட்டு மூடிகளை இறக்கிவிட்டு அந்த மின்விசிறியைப் போட்டுப் பார்த்தேன். தரையில் இருந்த பஞ்சு பறக்கவில்லை. என் பிடரியிலும் முதுகிலும் குளிர்ந்தது. வெப்பமானி எண்பத்தெட்டைக் காட்டியது. கிளுகிளுவென்று எனக்குச் சிரிப்பு வந்தது, நிறுத்த முடியவில்லை. என் காற்றைவிட அது நல்ல காற்று, ஐயா. உடனே நிறுத்திவிட்டு மூடிகளைத் திரும்பத் திறந்து வைத்தேன். மனேஜர் ஐயா சனிக்கிழமை உயிரோடு வெளியே வந்திருந்தால், திங்கட்கிழமை முப்பது பெண்களுக்கும் அது தெரிந்திருக்கும்.