கறுப்பு இரண்டு கோட்

டீயில் ஆடை படிந்துவிட்டால் நான் குடிப்பதில்லை சார். இதை எடுத்துவிட்டு வேறு கொடுக்கச் சொல்லுங்கள். கோபமெல்லாம் இல்லை, பிறவிக்குணம். மெக்கானிக் என்றால் கிரீஸில் புரளுகிறவன் என்று நினைக்கிறார்கள். சூரியநெல்லியில் என் பட்டறைத் தரையில் நீங்கள் இலை போட்டுச் சாப்பிடலாம்.

அந்தத் தரையில்தான் சிஜு துப்பினான்.

ஏலக்காட்டுக்கு வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றுகிற ஜீப் அவனுடையது. அவன் பக்கத்துக் கதவு முழுக்க வெற்றிலை எச்சில் வழிந்து காய்ந்திருக்கும். வண்டிக்கு ஆர்.டி.ஓ. வருஷ டெஸ்ட் வந்தது. டெஸ்ட்டுக்கு முன் வண்டியின் அடியைக் கழுவிக் கறுப்பு அடிப்பது எங்கள் பக்கத்து வழக்கம், கல்யாண வீட்டுக்கு வெள்ளையடிக்கிற மாதிரி.

பின் ஆக்சிலை முழுசாக இறக்கினேன். சக்கரம், ஸ்பிரிங் பட்டை, பிரேக் குழாய் எல்லாம் கழற்றி, அந்த இரும்புக் கூட்டைப் பெஞ்சில் ஏற்றினேன். யானை லத்தியும் சேறும் சேர்ந்து அப்பியிருந்தது, நடுவில் செத்த அட்டைகள். பழைய ஆயில் மீன் கழுவின தண்ணீர் போல நாறியது. மூக்கில் துணி கட்டிக்கொண்டு சுரண்டி, டீசல் விட்டுக் கம்பி பிரஷால் தேய்த்தேன். இரும்பு வெளுத்ததும், ஸ்பிரிங் பட்டை உட்காரும் இடத்தில் ஒரு விரிசல் தெரிந்தது. மெல்லியதுதான், ஆனால் நகம் மாட்டியது. ஆள் பாரத்தோடு வளைவில் திரும்பினால் என்றைக்காவது விட்டுவிடும் என்று எனக்குத் தெரியும்.

சொல்லத்தான் சிஜுவைக் கூப்பிட்டேன்.

"என்னண்ணே, பொண்ணு பாக்க வாராகளா? இப்படிக் குளிப்பாட்டி வச்சிருக்கீக" என்று சிரித்துக்கொண்டே துப்பினான். கழுவிய தரையில், என் செருப்பில் தெறிக்க. எச்சிலில் ஒரு பாக்குத் துண்டு கிடந்தது. இன்றைக்கும் அது கண்ணிலேயே நிற்கிறது.

"எதுக்குக் கூப்பிட்டீக?"

"மினுக்கமா அடிக்கவா, மங்கலா அடிக்கவான்னு கேக்கத்தான்" என்றேன்.

விரிசலில் பட்டி அப்பி, உப்புத்தாள் தேய்த்து, சிவப்பு பிரைமர் கொடுத்து, மேலே கறுப்பு இரண்டு கோட். வண்டி டெஸ்ட்டில் பாஸ்.

பெண்களைப் பற்றிக் கேட்பீர்கள். பட்டறையிலிருந்து வந்த வண்டியில் என்னைக் கேட்காமல் அவர்கள் ஏறுவதில்லை. எப்போதும் கத்தரீனாள்தான் கேட்பாள். நல்ல மனுஷி, ஜீப்புக்குக் காத்திருக்கும்போது எனக்கும் பால் விடாத கட்டஞ்சாயா ஒரு டம்ளர் ஊற்றித் தருவாள். டம்ளரை முந்தானையால் துடைத்துத்தான் தருவாள். அவள் திரும்பியதும் சாக்கடையில் கொட்டிவிடுவேன்.

அன்றைக்கும் கேட்டாள். "ஏறலாமாண்ணே?"

வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டும். அப்புறம் அத்தனை பேர் முன்னால் அந்தப் பெயின்ட்டைச் சுரண்டிக் காட்ட வேண்டும். சிஜு வேறு பக்கத்திலேயே மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தான்.

"தாராளமா ஏறுங்க" என்றேன்.

கீழ் வளைவில் ஆக்சில் உடைந்தது. சிஜு குதித்துத் தப்பித்தான், பிழைத்துக்கொண்டான். கத்தரீனாளும் கூட இருந்த பெண்களும் வண்டியோடு பள்ளத்தில் போனார்கள்.

தெரிந்தே அடைத்தேன், தெரிந்தே ஏறச் சொன்னேன். வாக்குமூலத்தில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். வேலையில் குறை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். நீங்கள் எடுத்த போட்டோவையே பாருங்கள் சார், ஆக்சில் உடைந்த இடத்தைத் தவிர எங்கும் பெயின்ட் உரியவில்லை. எடுப்பதற்கு முன்னால் அந்த ரத்தத்தை மட்டும் யாராவது துடைத்திருக்கலாம்.