கொல்ல மறந்த கிருமி

"ஹலோ... ஓம், ஸஹீலாதான்... ஆர்?... ராஜினியோ. ம். புது நம்பர். ரேடியோவிலை கதைக்கிற ஆக்களுக்குப் பழைய நம்பர் சரிவராதோ?"

துருவிய தேங்காயை ஓரமாய்த் தள்ளிவிட்டு, ஸஹீலா குசினிச் சுவரில் சாய்ந்துகொண்டாள். இரண்டு வருடமாகப் பேசாத குரல். ஒரு காலத்தில் இருவரும் வவுனியாவில் ஒரு சின்ன ஆய்வுகூடத்தில், ஒரே மேசையில் இருந்து, ஸஹீலாவின் வாப்பாவுடைய தோட்டத்து மண்ணில் கிடைத்த, மற்றக் கிருமிகளைக் கொல்லும் ஒரு கிருமியை ஆராய்ந்தவர்கள். உம்மா ஜொஹறா பாரிசவாதத்தில் படுத்ததும் ஸஹீலா பாதியில் விட்டுவிட்டு நீராவிப்பிட்டிக்கு வந்துவிட்டாள். ஆறு வருடமாகப் பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிப்பிக்கிறாள். விட்ட இடத்திலிருந்து ராஜினி தொடர்ந்தாள். நேற்றுக் காலை ரேடியோவில் அவளுடைய பேட்டி போனது.

"கேட்டனான், கேட்டனான். முழுக்கக் கேட்டனான்... ஓம், நல்லாத்தான் இருந்தது. உன்ர குரல்தான் கொஞ்சம் மாறிப்போச்சு, ரேடியோக்காரர் மாதிரி... இல்லையப்பா, குத்திக் கதைக்கேல்லை. ஒண்டே ஒண்டு கேக்கிறன். எங்கட கிருமி மற்றக் கிருமியளைக் கரைச்சுக் குடிச்சிடும் எண்டு சொன்னாய். கரைக்குதெண்டு உனக்கு ஆர் சொன்னது?"

"..."

"சனத்துக்கு விளங்கவேணுமெண்டோ? உள்ளதைச் சொன்னாலே சனத்துக்கு விளங்கும், ராஜினி. என்ர பத்தாம் ஆண்டுப் பிள்ளையளுக்கு விளங்குது. பற்றீரியாவைச் சுத்தி ஒரு சுவர் இருக்கு. வளரேக்கை அது தன்ர சுவரைத் தானே அங்கங்கை வெட்டும், வெட்டின இடத்திலை புதுக்கல்லு வைச்சுப் பூசும். வெட்ட ஒரு ஆள், பூச ஒரு ஆள் மாதிரி. எங்கட கிருமி விடுற மருந்து போய் பூசுறவன்ர கையைப் பிடிச்சு வைச்சிருக்கு. வெட்டுறவனுக்கு அது தெரியாது. அவன் வெட்டிக்கொண்டே இருக்கிறான். சுவர் ஓட்டை ஓட்டையாப் போகுது, வெளியிலை இருக்கிற தண்ணி உள்ளுக்கை இடிச்சுக்கொண்டு பூந்து, பற்றீரியா வெடிக்குது. அவ்வளவுதான். கரைக்கவுமில்லை, குடிக்கவுமில்லை."

மூச்சு வாங்கியது. இந்தப் பேச்சை நேற்றிலிருந்து அவள் மனத்துக்குள் எத்தனை தரம் பேசிப் பார்த்திருந்தாள்.

"ஓம், உனக்குத் தெரியும். எப்பிடித் தெரியும்? மருந்து பட்ட பற்றீரியாவைச் சீனி கூடின கரைசலிலை போட்டா, தண்ணி உள்ளுக்கை பூராது, வெடிக்காது. சுவரில்லாமப் பந்து பந்தா நிக்கும். அதை மைக்கிறஸ்கோப்பிலை முதல் கண்டது ஆர்? ரேடியோவிலை 'நாங்கள் கண்டனாங்கள்' எண்டாய். நீ அண்டைக்கு வேலைக்கே வரேல்லை. அக்கராயனிலை உன்ர மச்சாளின்ர கலியாணவீட்டிலை நிண்டனி... ஓம், ஞாபகம் இருக்கு. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு."

பிறகு ராஜினி மெல்லத் தொடங்கினாள். ஸஹீலா நிமிர்ந்து நின்றாள்.

"என்ன?... திரும்பச் சொல்லு... எங்கட கிருமி இப்ப கொல்லுதில்லையோ?... எத்தினை மாசமா?... நாலு... ம்... ம்... வளருது, ஆனா சுத்திவர வெறும் வட்டம் வரேல்லை. மற்றப் பற்றீரியா பக்கத்திலேயே வந்து குந்தியிருக்கு... ஓ."

ஸஹீலாவின் நெஞ்சுக்குள் நன்னாரி சர்பத் இறங்குவது போல ஒரு குளிர் இறங்கியது. அது சந்தோசம்தான் என்று அவளுக்கு நன்றாகவே தெரிந்தது. தடுக்கவும் தோன்றவில்லை.

"உப்பிடித்தான் வரும், ராஜினி. அது சாப்பாடு குறையேக்கைதான் மருந்து காய்ச்சும், பக்கத்திலை இருக்கிறவன் மிச்சத்தைப் பறிக்காமல். நீங்கள் ஒரு நாளும் குறைய விடேல்லை. பிளேட்டுக்குப் பிளேட் மாத்தி மாத்தி நல்ல சாப்பாடு போட்டனீங்கள். அப்ப மருந்து காய்ச்சி மெனக்கெடாததுகள்தான் கெதியாப் பெருகும். கடைசியிலை அதுகள்தான் மிஞ்சும். சொகுசிலை இருந்தா எல்லாம் மறந்துபோகும்... இல்லை, உன்னைச் சொல்லேல்லை. கிருமியைச் சொன்னனான்... சத்தியமா கிருமியைத்தான்."

"..."

"திரும்ப அந்த மண் வேணுமோ? வாப்பாட கச்சான் தோட்டத்திலை இப்ப வீடு எழும்பிட்டுது. அத்திவாரத்தைக் கிண்டியே எடுக்கிறது? எடுத்தாலும் அதே கிருமி கிடைக்குமெண்டு ஆர் கண்டது... எந்தக் குழாய்?... ஓ, அது. நான் எங்கட கிருமியின்ர வித்தியளைக் காய்ஞ்ச மண்ணிலை கலந்து, மூடி வைச்சது..."

அந்தக் கண்ணாடிக் குழாய் அறைக்குள் இருந்தது. அலுமாரியின் மேல்தட்டில், பட்டச் சான்றிதழுக்குப் பக்கத்தில். காய்ந்த மண்ணில் அந்த வித்திகள் விதைகளைப் போல வருடக்கணக்காக உறங்கும் என்று அவளுக்குத் தெரியும். பெருநாளுக்கு அலுமாரி துடைக்கும்போதெல்லாம் அதை எடுத்துப் பார்ப்பாள். எறிய மனம் வராது.

"அது இல்லை, ராஜினி. எறிஞ்சிட்டன்... ஓம், வந்த வருசமே எறிஞ்சிட்டன். எனக்கு இனி எதுக்கு?"

ராஜினி கெஞ்சுவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் கெஞ்சவில்லை. அழவும் இல்லை. வேறு ஏதோ சொன்னாள், மிகவும் சாதாரணமாக.

"என்ன சொன்னனி?... என்னிலை எரிச்சலோ? உனக்கோ?... ஆய்வுகூடத்துச் சேர் சொல்லுறவரோ? இப்பவுமோ?... நான் எண்டா கிருமியை இப்பிடிக் கெட்டுப்போக விட்டிருக்கமாட்டன் எண்டோ... ஒவ்வொரு கிழமையும்... ம்... சொல்லு, கேக்கிறன்."

அடுத்ததைக் கேட்டதும் ஸஹீலா கதிரையை இழுத்து அதில் இருந்தாள்.

"நான் விட்டுட்டுப் போனது உனக்குச் சந்தோசமா இருந்ததோ?... உம்மாவைப் பாக்கத் தோடம்பழம் கொண்டு வந்தியே, அண்டைக்குமோ?... அண்டைக்கும். உம்மாட கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தாய், ராஜினி. மனசுக்கை இனி மேசை முழுக்க எனக்குத்தான் எண்டு இருந்ததோ... ஓம். ம். ஓம்."

கோபம் வந்தது. வரவேண்டிய அளவுக்கு வந்தது. ஆனால் கூடவே, நெஞ்சில் இருந்த ஏதோ பாரமும் கழன்றது. ஆறு வருடமாக, இந்த எரிச்சல் தன் ஒருத்திக்குள் மட்டும்தான் என்று நினைத்து வெட்கப்பட்டிருந்தாள். தொழுகையில் இருந்தும் அதை இறக்கிவைக்க முடியாமல் போன நாட்கள் உண்டு. அங்கே இந்த விசுவமடுக்காரி ராஜினியும் அதையேதான் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறாள்.

"ராஜினி... நிக்கிறியோ?... நான் பொய் சொன்னனான். குழாய் கிடக்கு... ஓம், கிடக்கு. அலுமாரியிலை... ஓம் ஓம், மூடி திறக்கேல்லை. இப்ப ஏன் அழுறாய்? தாறனெண்டு நான் இன்னும் சொல்லேல்லையே."

"..."

"கூரியரிலை அனுப்பமாட்டன். ஆரிட்டையும் குடுத்தும் விடமாட்டன். நான்தான் கொண்டு வருவன். மூடியைத் திறக்கிறதும் நான், பிளேட்டிலை போடுறதும் நான்... உம்மாவை மூத்த ராத்தா பாத்துக்கொள்ளுவா, பள்ளிக்கூடமும் லீவுதான்... ஒரு கிழமையாவது நிப்பன். வட்டம் வருதோ எண்டு என்ர கண்ணாலை பாக்கவேணும்... வளருமோ எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது? ஆறு வருசம்... வளராட்டி ரெண்டு பேருக்கும் இல்லை."

உள்ளே உம்மா இருமினார். ஸஹீலா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். இனிச் சொல்லப்போவது தான் ஆறு வருடம் காத்துவைத்திருந்த சொல் என்பதால் அது தடக்கியது.

"இன்னொண்டு. நீ எழுதுற ஆய்வுக் கட்டுரையிலை 'நாங்கள்' வேண்டாம். சீனியிலை பந்தாகி நிண்டதைக் கண்டது ஸஹீலா எண்டு எழுது. வேறை ஒண்டும் வேண்டாம். அந்த ஒரு வரி... என்ன?... எழுதியாச்சோ? எப்ப?... போன மாசமோ. எனக்கு ஏன் சொல்லேல்லை?... ம். பொறாமையிலை. ம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். ராஜினிக்கு அதைக் கொடுக்க இன்னும் மனம் இல்லை.

"சரி. சனிக்கிழமை முதல் பஸ்ஸிலை வாறன்... இல்லை, சந்தோசமில்லை. எனக்கு இன்னும் எரிச்சலாத்தான் கிடக்கு... உனக்குமோ?... அப்ப சரி. வைக்கிறன்."