விழுந்தால் அடிக்கும் மணி

பிள்ளைகள் செய்கிற வேலையில் மூக்கை நுழைக்கிற பெரியவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது, மேடம். நாங்கள் வருடா வருடம் கலந்துகொள்ளும் பள்ளிக் கண்டுபிடிப்புப் போட்டியின் முதல் விதியும் அதுதான். மாணவர்களே ஒரு பிரச்சினையைத் தேர்ந்தெடுத்து, தாங்களே யோசித்து, தாங்களே தீர்வைச் செய்து காட்ட வேண்டும். பயிற்சி கொடுக்கிற ஆசிரியர் ஒரு ஸ்குரூவைக்கூட முடுக்கக் கூடாது. சில பள்ளிகளில் வாத்தியார்களே எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டு, பிள்ளைகளை மேடையில் நிறுத்திக் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்க வைப்பார்கள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன். ஆசிரியர் அறையில் அதற்காகவே என்னைக் கிண்டல் செய்வார்கள்.

இந்த வருடம் என் குழுவில் நாலு பேர். அதில் ஒரு பெண்ணை மற்ற மூவரும் மேனேஜர் என்று கூப்பிடுவார்கள், அவ்வளவு அதிகாரம். குளியலறையில் வயதானவர்கள் வழுக்கி விழுவதுதான் அவர்கள் எடுத்துக்கொண்ட பிரச்சினை. ஒரு ரப்பர் விரிப்பு, அதன் அடியில் வரிசையாகத் தகரத் துண்டுகள். நின்றால் ஒன்றிரண்டுதான் அழுந்தும். ஆள் நெடுக விழுந்தால் எல்லாம் அழுந்தி, கூடத்தில் மணி அடிக்கும். பெரிய பெரிய இன்ஜினியர்களுக்குத் தோன்றாதது இந்த வாண்டுகளுக்குத் தோன்றியதே என்று எனக்கு ஒரே பெருமை.

சோதித்துப் பார்க்க என் வீட்டுக் குளியலறையைக் கொடுத்தேன். எங்களோடு இருக்கும் என் மாமனார், ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவர், பிள்ளைகளோடு உடனே ஒட்டிக்கொண்டார்.

"ஏம்மா மேனேஜர், நான் எப்ப விழுவேன்னு நாலு பேரும் காத்துக்கிட்டு இருக்கீங்களா?"

"ஐயோ, நீங்க விழவே கூடாது தாத்தா."

"அப்ப எதுக்கும்மா இவ்வளவு பாடு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

முதல் சுற்றில் தேறிவிட்டோம். ஆனால் நடுவர் ஒரு கொக்கி போட்டார். "நல்லாருக்கு. இதுவரைக்கும் யாருக்காவது நெஜமாவே உதவியிருக்கா? கடைசிச் சுற்றுல அதச் சொல்லுங்க" என்றார். போன வருடமும் இந்தக் கேள்வியில்தான் கோப்பை கை நழுவிப் போனது. திரும்பும்போது வேனில் மேனேஜர் அழுதுவிட்டாள். "யாராவது விழுந்தாத்தானே சார் சொல்ல முடியும்?" என்று கேட்டாள். சின்னப் பெண் என்றாலும் அவள் கேட்டதில் நியாயம் இருந்தது.

தீர்வில் நான் கை வைக்கவில்லை, இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். பிரச்சினையில் கை வைக்கக் கூடாது என்று விதிகளில் எங்கும் இல்லை.

சனிக்கிழமை காலை என் மனைவி மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். மாமனார் குளிக்கப் போகும் முன் விரிப்பைச் சுற்றித் தரையில் ஷாம்பூவைத் தடவிவிட்டேன். நிறைய இல்லை. ஒரு சறுக்கல், ஒரு மணி, ஓடிப் போய்த் தூக்குவது, நாலு நாள் தைலம், அவ்வளவுதான் என் கணக்கு. அந்த வயதில் எலும்பு என்ன ஆகும் என்று யோசிக்காமல் இல்லை. முறிந்தாலும் கூடிவிடும் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

விழுந்த சத்தம் கேட்டது. மணி அடிக்கவில்லை.

கதவருகே போனேன். "மாப்பிள்ளை, யாராவது வாங்களேன்" என்று உள்ளேயிருந்து கூப்பிட்டார். கைப்பிடியைத் தொட்டுவிட்டு எடுத்துவிட்டேன். நான் போய்த் தூக்கினால் அது நான் செய்த உதவி, பிள்ளைகளின் விரிப்பு செய்தது ஆகாது. கொஞ்சம் புரண்டு படுத்தால் மணி அடித்துவிடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வேதனையாகத்தான் இருந்தது, நானும் மனுஷன்தானே. குரல் சன்னமாகி நின்ற பிறகு கதவைத் திறந்தேன்.

குளிக்கும் முன்பே விரிப்பைச் சுருட்டி ஜன்னல் விளிம்பில் வைத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தார். பிள்ளைகள் பாடுபட்டுச் செய்தது நனைந்து வீணாகிவிடக் கூடாதாம். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. நனையக் கூடாது என்றால் குளியலறையில் அது எதற்கு?

அவருக்கு நினைவு இருந்தது. "அசைக்காதீங்க மாப்பிள்ளை, கழுத்து" என்றார். நான் விரிப்பை விரித்து, அக்குளில் கை கொடுத்து இழுத்து, அவரை அதன்மேல் நெடுகக் கிடத்தினேன். மணி கணீரென்று அடித்தது. ஒரு வயர்கூட விலகவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மணிச் சத்தம் கேட்டு என் மனைவி மாடியிலிருந்து ஓடி வந்தாள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே அவர் உயிர் போய்விட்டது. விழுந்ததில் போகவில்லை, இழுத்ததில்தான் போனது என்று டாக்டர் எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். இருக்கலாம். இழுத்தது நான்தான், மறுக்கவில்லை.

மேனேஜரை விசாரணைக்குக் கூப்பிடப் போவதாகச் சொன்னதால்தான் நானே வந்து எல்லாவற்றையும் சொல்கிறேன். அந்தக் குழந்தைக்கு ஒன்றும் தெரியாது. தாத்தா விழுந்ததும் மணி அடித்தது என்று மேடையில் விம்மி விம்மிச் சொன்னாள். நடுவர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள், கோப்பை எங்களுக்கே கிடைத்தது. ஒரு வேண்டுகோள். இழுத்ததை மாமனாருக்குச் செய்த உதவி என்று எழுதுங்கள். பிள்ளைகளுக்குச் செய்த உதவி என்று எழுதினால் கோப்பையைத் திரும்பக் கேட்பார்கள்.

இன்னொன்று, என் மனைவியிடம் இதையெல்லாம் சொல்லாதீர்கள். துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம், "அந்த மணி மட்டும் இல்லேன்னா எங்கப்பா தனியாக் கெடந்து செத்திருப்பாரு" என்று சொல்லித்தான் அவள் மனதைத் தேற்றிக்கொள்கிறாள். அவர் தனியாக இல்லை என்பது உண்மைதானே, மேடம். முதல் தடவை கூப்பிட்டதிலிருந்து நான் கதவுக்கு வெளியிலேயேதான் நின்றுகொண்டிருந்தேன்.