ரெண்டு பை மண்ணு

ஈரமெல்லாம் இல்ல சார், நெழல்ல மூணு நாள் உலர்த்துனதுதான். இது என் வயல் மண்ணு, அது எங்க அண்ணன் வயல் மண்ணு. நடுவுல ஒரே ஒரு வரப்பு. சீட்டு உள்ளயே இருக்கு பாருங்க. கையெழுத்து என்னுது இல்ல, ஆனா படிக்க முடியும். முடியுதுல்ல? அப்பச் சரி.

ஆமா, போன வருஷமும் மண்ணு பரிசோதனைக்கு வந்தேன். நீங்கதான் இருந்தீங்க. வைக்கோலுன்னு சொன்னா எங்க பக்கம் எல்லாருக்கும் என்னைத் தெரியும். பேரு அதில்ல, கூப்புடறது அப்படி.

இருவது வருஷம் வெளியில வேலை பாத்துட்டுத் திரும்பி வந்தவன் சார். வந்த மொத வருஷமே அண்ணனுக்குப் பாடம் எடுத்தேன். அறுவடை மிஷின் விட்டுட்டுப் போற வைக்கோலக் கொளுத்தக் கூடாது, சேத்துல மடக்கி உழுதா அதுவே உரம்னு. உழுதேன். நாலாம் நாளே நாத்தும் நட்டுட்டேன். சிரிக்கறீங்க, உங்களுக்குத் தெரியுது. வைக்கோல் மக்கற வரைக்கும் பயிருக்குப் போக வேண்டிய தழைச்சத்த அதுவே தின்னுடும்னு நான் படிச்ச ரெண்டு பாஷையிலயும் எழுதியிருந்துச்சு. நாந்தான் அந்தப் பக்கத்தப் பொரட்டல. பயிரு காமாலை வந்த மாதிரி நிக்குது. கால வெச்சா சேத்துலருந்து கொப்புளம் கொப்புளமா நாத்தம் வருது. அந்தப் பக்கம், சாம்பல் மேல நட்ட அண்ணன் பயிரு கரும்பச்சை. அவரு தெனமும் அஞ்சு நிமிஷம் வரப்புல நின்னு பாத்துட்டுப் போவாரு, அவ்வளவுதான். திட்டியிருந்தாக்கூடத் தேவல.

இப்பெல்லாம் மடக்கி உழுது, தண்ணி கட்டி, மூணு வாரம் ஊற வெச்சிட்டுத்தான் நடறேன். பயிரு நல்லாவே இருக்கு. ஆனா அந்த மஞ்சள அவரு மறக்க மாட்டேங்கறாரு.

அவரு கொளுத்துனா எனக்கென்னன்னு கேக்கறீங்க, சரிதான். அவரு வீடு வயல ஒட்டி இருக்கு சார். அண்ணிக்கு மூச்சு எளப்பு. போன தடவ கொளுத்துனப்ப பதினாறு நாள் படுக்க முடியல, தலகாணிய அடுக்கி வெச்சு உக்காந்தே இருந்தாங்க. இன்னொரு தடவ இந்தப் புகை பட்டா என்னால ஒண்ணும் சொல்ல முடியாதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. அண்ணன் அது புகையால இல்ல, தூசியாலங்கறாரு. அண்ணி இந்த வீட்டுக்கு வந்தப்ப எனக்கு ஒம்பது வயசு. என் சட்டைக்கெல்லாம் பட்டன் தெச்சது அவங்கதான். அது கெடக்கட்டும்.

போன வருஷம் எல்லார் முன்னாடியும் சொன்னாரு. ஆபீஸ் காயிதத்துல உன் மண்ணு ஒசத்தின்னு வரட்டும்டா, அப்புறம் நான் தீப்பெட்டியத் தொடல. நானும் ஒழுங்கா எடுத்துட்டு வந்து குடுத்தேன். மண்ணுல மக்குன சத்து எவ்வளவுங்கற கணக்குல, புள்ளிக்கு அப்புறம் ரெண்டாவது எடத்துல ஏதோ வித்தியாசம். ரெண்டுக்கும் நேரா குறைவுன்னு நீங்களே எழுதுனீங்க. காயிதத்துல தெரியணும்னா எட்டு பத்து வருஷம் ஆகும்னு உள்ள இருக்கற மேடம் சொன்னாங்க. அண்ணன் அந்தக் காயிதத்தப் பொறுமையா படிச்சாரு. நாலா மடிச்சாரு. அதுலயே வைக்கோலுக்குப் பத்த வெச்சாரு.

எத்தன எடத்துல மண்ணு எடுத்தேனா? பத்து எடம். அரையடி ஆழம், கலந்து, பாதி கழிச்சு, மறுபடி பாதி கழிச்சு. எல்லாம் நீங்க சொன்ன முறைதான்.

கறுப்பாத்தான் இருக்கும் சார். அஞ்சு போகம் வைக்கோல் தின்ன மண்ணு.

முட்டை ஓடா? எங்க, காட்டுங்க. ஆமா. வயல்னா கொக்கு வரும்ல. கோழி முட்டை மாதிரிதான் இருக்கு, ஒத்துக்கறேன்.

பையத் திருப்பிக் குடுக்காதீங்க, சொல்லிடறேன். அது வயல் மண்ணு இல்ல. மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னாடி பழைய எருக்குழி. வர்ற வியாழக்கெழம அறுவடை மிஷின் வருது. எட்டு வருஷம் மண்ணு காத்துக்கும், நானும் காத்துக்குவேன். அண்ணியால முடியாது.

அண்ணனுக்குத் தெரிஞ்சாலா? நான் குழியில குனிஞ்சு தோண்டிக்கிட்டிருக்கேன், பக்கத்துல நெழல் விழுது. நிமிந்தா அவருதான். வரப்புல நிப்பாரே, அதே மாதிரி நிக்கறாரு. ஒரு அஞ்சு நிமிஷம் இருக்கும். அப்புறம் பைய எடுத்து வாய விரிச்சுப் புடிச்சாரு. மேல வேணாம்டா, அடியில எடு, அதுதான் நல்லா மக்கியிருக்கும்னாரு. சீட்டு எழுதுனதும் அவருதான்.

காயிதம் வாங்க அவரே வருவாரு சார். எல்லாருக்கும் கேக்கற மாதிரி சத்தமா படிச்சுக் குடுங்க. கொஞ்சம் ஆச்சரியப்படுவாரு. நீங்க ஒண்ணும் கண்டுக்காதீங்க.