படபடப்பை அடக்கிய ஊசி

உங்கள் நிலையத்துப் பிளேன்டீ நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர். வட்டவளையில் கொழுந்து பறிக்கிறவர்களுக்கு இந்த ரகம் கிடைப்பதில்லை. தோட்டத்தில் கொடுக்கும் தூளைக் குடித்துத்தான் நான் வளர்ந்தேன்.

தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து ஆய்வுகூட வேலைக்குப் போன முதல் ஆள் நான். மனித நரம்பும் சுரப்பியும் சேருமிடத்தில் உருவாகும் ஒரு புரதத்தின் சிறு துண்டை, பக்டீரியாவில் வளர்த்துப் பிரித்தெடுப்போம். பயத்தில் ஊறும் அட்ரினலினை அது அடக்கும். எலிகளில் அடக்கியது, நானே பார்த்தேன். மனிதருக்குப் போகப் பல வருடம் ஆகும் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். அவர் வீட்டுக்கு மேலே மலை இல்லை. எங்கள் லயத்தில் மழை வலுத்தால் மண் சரியும் என்று எல்லோரும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் படபடப்புக்கு யாரும் மருந்து கொடுத்ததில்லை.

ஆகவே ஆய்வுகூடத்திலிருந்து அந்த மருந்துக் குப்பிகளை எடுத்து வந்தேன். திருட்டு என்று எழுதிக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

பக்கத்து வீட்டுக் காளியாயிக்குத்தான் முதலில் போட்டேன். சத்து ஊசி என்றேன். புரதம் என்றால் அவருக்கு விளங்காது.

“வலிக்குமா புள்ள?”

“வலிக்காது அத்தை.”

வலிக்கவுமில்லை. அடுத்த மழையில் அவர் நன்றாகத் தூங்கினார். படிச்ச புள்ள கை பட்டாலே போதும் என்று லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தார். பிறகு எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது என்றார். மருந்து வேலை செய்கிறது என்று சொல்லி, அளவைக் கூட்டினேன். கொழுந்துக் கூடையோடு மலையேறும்போது விழுந்தார். தூக்கி வருவதற்குள் உயிர் போய்விட்டது. மாரடைப்பு என்றார்கள். நான் மறுக்கவில்லை. என்னிடம் யாரும் கேட்கவுமில்லை.

குப்பியில் ‘ஆய்வுக்கு மட்டும்’ என்று எழுதியிருந்ததே என்கிறீர்கள். நான் செய்ததும் ஆய்வுதான். உலகத்தில் ஒவ்வொரு மருந்தையும் யாரோ ஒருவர்தான் முதலில் உடம்பில் ஏற்றிக்கொண்டார். எங்கள் ஆட்கள் எப்போதும் கடைசியில்தான் நிற்க வேண்டுமா?

காளியாயியைக் கொன்றது ஊசியா வயதா என்பது எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. பாதியில் விட்டால் அவர் செத்ததற்கே அர்த்தம் இல்லாமல் போகும். அதே வயது, அதே மலை, அதே சாப்பாடு உள்ள இன்னொருவர் வேண்டும். லயத்தில் வேறு பெண்களும் இருந்தார்கள். அடுத்தவர் வீட்டுத் தாயை எடுப்பது நியாயமில்லை என்று நினைத்தேன். அந்த அளவுக்கு மனச்சாட்சி எனக்கு உண்டு.

அம்மாவுக்கு முதலிலேயே கூட்டிய அளவைப் போட்டேன். சாயங்காலம் கை கால் சில்லிட்டுவிட்டது என்றார். போர்த்திவிட்டு, நாடியைப் பிடித்தபடி பக்கத்திலேயே இருந்தேன். தோட்டத்து அம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டிருந்தால் அவர்கள் வேறு மருந்து ஏற்றுவார்கள், எதனால் என்று கடைசிவரை தெரியாமல் போயிருக்கும். இப்போது தெரியும். ஊசியால்தான். இரண்டு பேரையும் நான்தான் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் கட்டாயப்படுத்தினேன் என்று மட்டும் எழுதாதீர்கள். காளியாயி செத்ததைப் பார்த்தவர் அம்மா. நான் ஊசியை எடுத்தபோது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஒனக்கு இது வேணுமா?” என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். கையை நீட்டினார்.

முறையான சம்மதம் அது. எங்கள் பேராசிரியரால்கூட அதில் குறை சொல்ல முடியாது.